முருகனாரைத் தேடித் திருவண்ணாமலை: இரண்டு நாள் பயணக் குறிப்பு

கோயில், கிரிவலம், ரமணாசிரமம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இரவு பஸ் ஏறுவதுதான் திருவண்ணாமலைக்கு வருகிறவர்களின் வழக்கம். ரமண மகரிஷியின் அடியாரும் புலவருமான முகவைக் கண்ண முருகனாரை மனத்தில் வைத்து வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. அவர் சம்பந்தப்பட்ட ஓரிடத்தைக் காலையில் பார்க்க வேண்டும், இன்னொன்று மாலை ஆறரைக்குத்தான் தொடங்கும். நடுவே மலைப்பாதையும் இருக்கிறது. இரண்டு முழு நாட்கள் ஒதுக்கினால் அவசரமில்லாமல் அமையும்.

முருகனார் ராமநாதபுரத்துக்காரர். இயற்பெயர் சுப்பிரமணியம். சென்னையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். தமிழ்ப் பேரகராதிப் பணியிலும் பங்குண்டு. 1923 செப்டம்பரில் முதன்முதலாகப் பகவான் ரமணரைத் தரிசித்தார். வேலையை விட்டு இங்கேயே தங்கியது 1926-இல், தாயார் காலமான பிறகு. பார்த்த அன்றே எல்லாவற்றையும் உதறிவிட்டார் என்று பக்தர்கள் சொல்லும் சுருக்கக் கதையில் இந்த மூன்று வருடம் காணாமல் போய்விடுகிறது. அவர் விட்டது உத்தியோகத்தையும் புலவர் உலகில் கிடைத்திருக்கக்கூடிய பெயரையும்தான். பாட்டு ஒருநாளும் நிற்கவில்லை. பாடுபொருள் மட்டும் பகவான் ஒருவராகவே சுருங்கிப்போனது. பல ஆயிரம் பாடல்கள், எல்லாம் அந்த ஒரே பொருள்மேல்.

பயணத்தைப் பெரிய கோயிலிலிருந்து தொடங்குவது முறை. குருவைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று முருகனார் தேசிகப் பதிகம் பாடியது இந்தக் கோயிலில்தான் என்பார்கள். ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. அதைத் தாண்டியதும் கம்பத்து இளையனார் சந்நிதியும் ஆயிரங்கால் மண்டபமும் வரும். முதலாவது அருணகிரிநாதரோடு சேர்ந்தது. இரண்டாவதில் பாதாள லிங்கம். 1896-இல் ஊருக்கு வந்த இளம் ரமணர் தவத்தில் அமர்ந்த இடம். பெரும்பாலோர் நேரே மூலவர் வரிசையில் போய் நின்றுவிட்டு, திரும்பும்போது அசதியில் இவ்விரண்டையும் விட்டுவிடுகிறார்கள். முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போங்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். காலை பத்து மணிக்குமேல் வருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோயிலிலிருந்து ஆசிரமம் செங்கம் சாலையில் சுமார் 2 கி.மீ. உள்ளே போனதும் எல்லோரும் பழைய ஹாலைத் தேடுவார்கள். பகவானின் சோபா உள்ள அறை அது, பேசாமல் உட்காரலாம். ஆனால் முருகனார் பகவானை முதலில் சந்தித்தது அங்கே அல்ல. 1923-இல் அந்த ஹாலே கிடையாது. 1922 மே மாதம் பகவானின் அன்னை அழகம்மையார் சமாதியானதும் அவர் சமாதிமேல் கீற்றுக்கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மலைமேல் உள்ள ஸ்கந்தாசிரமத்தை விட்டு இறங்கிய பகவான் இருந்தது அங்கேதான். இன்று அந்த இடத்தில் மாத்ருபூதேசுவரர் சந்நிதி. பதிகத்தைப் படிக்கத் தொடங்கிய முருகனாருக்குக் கண்ணீரில் குரல் எழாமல் போக, பகவானே தாளை வாங்கிப் படித்தார் என்று அடியார்கள் சொல்வது இந்த இடத்தைப் பற்றித்தான். ஆகவே இங்கே ஒரு பத்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள்.

ஆசிரமத்தில் தவறவிடக்கூடாதது தமிழ்ப் பாராயணம். மாலை ஆறரை வாக்கில் பகவான் சமாதி முன்பு தொடங்கி முக்கால் மணி நேரம் நடக்கும். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். ஆறே காலுக்கு உட்கார்ந்துவிடுவது நல்லது. எந்த நாளில் எந்தப் பாடல் என்று முறை இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு, பகவான் நூல்களின் தொகுப்பான ஸ்ரீ ரமண நூற்றிரட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது ஓதுகிற வேகத்தால் மட்டும் அல்ல. உள்ளது நாற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முருகனார் வேண்டிக் கேட்டுக்கொண்டதால் 1928-இல் பகவான் எழுதிய நூல். மங்கலம் இரண்டு, நூல் நாற்பது, எல்லாம் வெண்பா. ஓதும்போது வரிசை மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தொடர்ச்சொற்களைச் சேர்த்துப் பகவானே அதை ஒரே தொடர்பாட்டான கலிவெண்பா ஆக்கித் தந்தார். பாராயணத்தில் வருவது அந்த வடிவம். வெண்பாப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு அச்சில் இல்லாத சொற்கள் காதில் விழும். மூன்றாவது பாட்டில் இடம் தவறிவிடும். கலிவெண்பாப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டால் பிரச்சினையில்லை. உபதேச உந்தியாரில் இந்தச் சிக்கல் இல்லை. முப்பதே பாட்டு, இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் ‘உந்தீபற’ என்று முடிவதால் காது தானே பழகிக்கொள்ளும். தாருகாவனக் கதையைப் பாடிக்கொண்டு வந்த முருகனார், சிவன் உபதேசம் செய்யும் இடம் வந்ததும் பேனாவைப் பகவானிடம் நீட்டியதில் விளைந்தது அது. ஆன்ம வித்தைக் கீர்த்தனமும் அப்படித்தான்: பல்லவியும் அனுபல்லவியும் முருகனார், சரணங்கள் பகவான். தேர்ந்த புலவர் ஒருவர் முக்கியமான இடத்தில் நிறுத்திக்கொண்டு வழிவிட்டதால் நமக்கு இவையெல்லாம் கிடைத்தன. அவருடைய துறவை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆசிரமத்துக்கு மேற்கே பலாக்கொத்து. அகத்திய தீர்த்தம், பிள்ளையார் கோயில், மரநிழல். முருகனார், குஞ்சு சுவாமி, விசுவநாத சுவாமி போன்ற அடியார்கள் குடிசை போட்டு, தாங்களே சமைத்தும் பிட்சை எடுத்தும் வாழ்ந்த பகுதி இது. மதிய உணவுக்குப் பின் பகவான் உலாவ வருவார். பழைய குடிசைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முருகனார் 1973 ஆகஸ்ட் 28-இல் மறைந்தார். சமாதி ஆசிரம வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் என்பதால் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாம் நாள் கிரிவலம். முழுச்சுற்று 14 கி.மீ.; நிதானமாக நடந்தால் நாலு மணி நேரம். நிறைமாத கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது பகவான் வாக்கு. ஆசிரம வாசலிலிருந்தே விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, அங்கேயே வந்து முடிக்கலாம். வெறுங்காலோடு நடப்பதால் ஒன்பது மணிக்குமேல் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். பௌர்ணமி இரவில் போனால் கூட்டத்தின் வேகம்தான் உங்கள் வேகம். இந்தப் பயணத்துக்கு அது ஆகாது. இன்னொரு காரணமும் உண்டு. பாதி வழியில், அடி அண்ணாமலையில், மாணிக்கவாசகருக்குச் சிறு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் என்று போற்றப்படுவது. இரவில் நடக்கிறவர்கள் அது இருப்பதே தெரியாமல் கடந்துவிடுவார்கள். பாண்டியனின் அமைச்சுப் பதவியை விட்டுத் திருப்பெருந்துறையில் குருவின் காலடியில் விழுந்தவர் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் அடியொற்றித்தான் முருகனார் ரமண சந்நிதி முறை என்ற நூலைப் பாடினார். திருவெம்பாவை இருபது பாட்டையும் அங்கே உட்கார்ந்து படித்துவிட்டு நடையைத் தொடருங்கள்.

ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று நாள்தான். மார்கழியில் வரும் பகவான் ஜயந்தி, கார்த்திகை தீபம் சமயங்களில் இடம் கிடைப்பது அரிது. பாட்டையோ நாட்டியத்தையோ ஓவியத்தையோ விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு சிலர் வருவதுண்டு. இங்கே சேர்ப்பாரும் இல்லை, தீட்சை தருவாரும் இல்லை. சந்நியாசம் கேட்டு வந்தவர்களைப் பகவான் பெரும்பாலும் இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார். விடுமுறை நாட்களில் வந்து தங்கிப் பாருங்கள்; பாராயணமும் மௌனமும் சலிப்புத் தட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புத்தகக் கடையில் எதை வாங்குவது என்றால், முதலில் குருவாசகக் கோவை. பகவான் வாய்மொழியை முருகனார் 1254 பாட்டில் கோத்தார். பகவான் அதைத் திருத்தி 28 பாட்டும் சேர்த்தார். மூலம் கடினம், உரையில்லாமல் பத்துப் பாட்டுக்குமேல் நகராது. முருகனார் தம் கையெழுத்துப் படிகளை ஒப்படைத்தது சாது ஓம் சுவாமிகளிடம். அவருடைய பொழிப்புரை கிடைத்தால் அதையே எடுங்கள். ரமண சந்நிதி முறையை, திருவாசகத்தை ஒருமுறையாவது முழுக்கப் படித்த பிறகு தொடுவது நல்லது. ஒன்பது தொகுதியாக வந்த ரமண ஞான போதம் அதற்கும் அப்புறம்.