மிலானில் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பவரைப் பாருங்கள்

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரமே, 2026 பிப்ரவரி 12 வியாழக்கிழமை இரவு நம் மலேசிய நேரம் 11.40க்கு, மிலானில் கனடாவும் செக் நாடும் மோதுகின்றன. ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில், வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல். வீரர்கள் கடைசியாக ஆடியது 2014 சோச்சியில். 2018-இல் லீக் அவர்களை விடவில்லை, 2022-ஐ கோவிட் கெடுத்தது. கனடாவின் கோனர் மெக்டேவிட் போன்ற ஒரு ஆட்டக்காரருக்கு 29 வயதில்தான் முதல் ஒலிம்பிக் என்றால் பாருங்கள்.

எல்லாரும் கோல் போடுகிற மெக்டேவிட், மெக்கின்னன், அமெரிக்காவின் மேத்யூஸ் என்றே பேசுகிறார்கள். என் கண் கோல்கீப்பர் மேல்தான். சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஹாக்கி அணிக்கு நான்தான் கீப்பர். புல் ஹாக்கிதான், ஈப்போ அஸ்லான் ஷா ஸ்டேடியத்தில் பெரிய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அடிப்பவன் முகத்தைப் பார்க்காதே, மட்டையின் வாயைப் பார் என்று சார் கத்துவார். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்கு வந்த பிறகுதான் ஐஸ் ஹாக்கி பிடித்துக்கொண்டது. டொரோண்டோவில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இந்த மாதங்களில் இங்கே காலை எட்டு. குளித்துவிட்டு, தோசைத் தட்டோடு உட்கார்ந்தால் ஆட்டம் ஆரம்பம்.

பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்த ‘பக்’, வல்கனைஸ் செய்த (சூடாக்கி இறுக வைத்த) ரப்பர் வில்லை. ஏழரை சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் கனம். ரப்பர் துள்ளும் என்று பால் வெட்டிய குடும்பத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்றுதான் ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைக்கிறார்கள். கோல் சின்னது, 1.83 மீட்டருக்கு 1.22 மீட்டர். ஆனால் முன்னால் நாலைந்து பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். கீப்பர் குனிந்து, கால்களின் இடுக்கு வழியாக பக்கைத் தேடுவார். தலை இடமும் வலமும் ஆடும், உடம்பு அசையாது. எங்கோ ஒரு மட்டை அசைந்ததும் இரண்டு முழங்காலும் ஐஸில் விழும், கால் பட்டைகள் இரண்டு பக்கமும் விரிந்து கீழ்ப்பகுதியை அடைத்துவிடும். நான் இதை ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

ஒரு கீப்பர் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1998 நாகானோ ஒன்று போதும். என்.எச்.எல். வீரர்கள் வந்த முதல் ஒலிம்பிக் அது. அரையிறுதியில் கனடாவும் செக்கும் 1-1. ஷூட்அவுட்டில், அதாவது ஒருவர் ஒருவராக வந்து கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் கட்டத்தில், கனடாவின் ஐந்து பேரையும் செக் கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். கனடாவின் பெரிய நட்சத்திரம் கிரெட்ஸ்கியை அந்த ஐவரில் சேர்க்காமல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று செக் தங்கம் வாங்கியது. நாலே வருஷத்தில் இதற்கு நேர்மாறும் நடந்தது. 2002 காலிறுதியில் பெலாரஸ்காரர் ஒருவர் நடு ஐஸ் பக்கத்திலிருந்து அடித்த பக் ஸ்வீடன் கீப்பர் டாமி சாலோவின் தலையில் பட்டு உள்ளே போனது. ஸ்வீடன் 3-4 என்று வெளியேறியது. சாலோவை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படும். கீப்பராக நின்றவனுக்குத்தான் அந்த வலி புரியும்.

இப்போது மிலான். அமெரிக்காவிடம் கோனர் ஹெல்லபக் இருக்கிறார், 2025-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது வாங்கியவர். கீப்பருக்கு அது அபூர்வமாகத்தான் போகும். கனடாவின் ஜோர்டான் பின்னிங்டன் இந்த சீசனில் தடுமாறிக்கொண்டிருக்கிறார். ஆனால் 2025 பிப்ரவரியில், பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் மேத்யூஸ் அடித்ததை எல்லாம் தடுத்தவர் அவர்தான். அதற்கப்புறம்தான் மெக்டேவிட் கோல் போட்டு 3-2 ஆனது. அந்த ஆட்டத்தில் மொத்தம் 31 தடுப்பு. பயிற்சியாளர்கள் அதை மறக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். இறுதியாட்டம் சமமாக முடிந்தால் மூன்றுக்கு மூன்று பேர் ஆட வேண்டும், கோல் விழும் வரை. அத்தனை பெரிய ஐஸில் மூன்று பேர் என்றால் கீப்பர் தனியாள்தான். தடுக்க ஒருவர், அடிக்க இருவர் என்று மாறி மாறி பாய்ந்து வருவார்கள். அங்கே ஹெல்லபக் பதறாமல் நின்றால் தங்கம் அமெரிக்காவுக்கு. என் மனசு கனடா பக்கம், என் கணிப்பு அமெரிக்கா பக்கம்.

என்.எச்.எல். பிப்ரவரி 6 முதல் 24 வரை ஓய்வு, அது தொடங்கும் வரை காலை ஆட்டங்கள் உண்டு. ஒலிம்பிக் இறுதியாட்டம் 22 ஞாயிறு, நம் நேரம் இரவு 9.10. அன்றைக்கு ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி அண்ணன் ஒருவரிடம் பேசிவிட்டேன், சரி என்றிருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் யாராவது ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம். தேத்தண்ணி என் பொறுப்பு.