ரக்கூன் வரும் நேரம்

ஜூலை 5, 2024, வெள்ளி

கனடாவில் ஹூரான் ஏரிக்கரையிலுள்ள பைனரி பூங்காவுக்கு வந்து சேர பிற்பகல் இரண்டரை ஆகிவிட்டது. வழியெல்லாம் தூங்கிய அம்மா, கிராண்ட் பெண்ட் ஊரைத் தாண்டியதும் தானாக விழித்து, "ஏரி வந்துவிட்டதா, பிள்ளை?" என்று கேட்டார்.

இன்று அமாவாசை. காகத்துக்கு வைக்காமல் ஒரு வாயும் உண்ண மாட்டேன் என்றார். பூங்காவில் எந்த உயிருக்கும் உணவு வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. விறகுக் கட்டையின் மேல் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்துக் கும்பிட்டார். காகம் வரவில்லை.

அம்மா: ஐந்து கரண்டி. இந்த வாரத்தில் இதுதான் அதிகம்.

ஜூலை 6, சனி

எல்லாம் போய்விட்டது.

ஐஸ் பெட்டியை வெளி மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு பக்கமும் கொளுக்கி போட்டிருந்தேன், மேலே தண்ணீர்க் கலனையும் வைத்திருந்தேன். காலையில் கலன் புல்லில் கிடந்தது. கொளுக்கிகள் உடைக்கப்படவில்லை, ஒழுங்காகத் திறக்கப்பட்டிருந்தன. இடியப்பம் இல்லை. சொதி வைத்திருந்த டப்பாவை வழித்து நக்கியிருந்தது. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் தொடவில்லை. குரக்கன் மாப் பை கிழிந்து மேசை முழுவதும் மா. அந்த மாவில் ஐந்து விரல்களுடன் சின்னச் சின்னக் கைகள். நம் வீட்டுக் குழந்தை ஒன்று தவழ்ந்து போனதுபோல் இருந்தது. விறகுக் கட்டையில் ஒரு பருக்கைகூட மீதி இல்லை. முதலில் அதைத் தின்றுவிட்டுத்தான் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

டொரன்டோவின் ஸ்காபரோவில் எத்தனை வருடம் இந்த இரவுத் திருடன் ரக்கூனோடு வாழ்கிறோம்! உணவுக் கழிவு போட நகரசபை 2016இல் கொடுத்த பச்சைத் தொட்டிக்குத் திருகிப் பூட்டும் கைப்பிடி உண்டு. அதையும் உருட்டிப் பார்க்கிற விலங்கு இது. எனக்கு ஏன் நேற்று புத்தி வேலை செய்யவில்லை?

அந்தச் சொதி அம்மாவுக்காக வைத்தது. மிளகாய் இல்லாமல், உப்பைக் குறைத்து, இரண்டாம் பாலில். இப்போது அது ஒன்றுதான் அவருக்கு இறங்குகிறது.

அம்மா: இரண்டு கரண்டி. "பசித்து வந்த உயிர்தானே, விடு" என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

இவர் கிராண்ட் பெண்ட் போய் அரிசியும் தேங்காய்ப் பாலும் வாங்கி வந்தார். இன்று முதல் எல்லாம் காரின் டிக்கியில். அரிசி, எண்ணெய், வெங்காயம், அம்மாவின் சத்துப்பானப் போத்தல்கள், இருமல் மருந்து, பற்பசை, சவர்க்காரம். வாசனை உள்ள எதுவும் வெளியே இருக்காது. ஐஸ் பெட்டியும் டிக்கியில்தான். கண்ணாடிகள் நான்கும் மூடியிருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடப் பக்கத்தில் ஊற்றவில்லை. குப்பையை இருட்டுமுன் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அம்மா: மூன்று கரண்டி, பாதி வாழைப்பழம்.

வியாழக்கிழமை மருத்துவரின் அழைப்புக்கு இன்னும் நான்கு நாள்.

ஜூலை 8, திங்கள்

தாய் ஒன்று, குட்டிகள் மூன்று. பத்தரை மணிக்கு வரிசையாக வந்தன. அமாவாசை கழிந்து மூன்று நாள்தான், நல்ல இருட்டு. டார்ச் அடித்ததும் எட்டுக் கண்கள்.

எதிர்க் கூடாரத்துக்காரர்கள் மார்ஷ்மெல்லோவைத் தூக்கிப் போட்டு, குட்டிகள் கையில் எடுப்பதைப் படம் பிடித்தார்கள். போய்ச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. இன்று இவர்கள் கொடுப்பார்கள், நாளை ஊருக்குப் போய்விடுவார்கள். மேசையில் உணவு கிடைக்கும் என்று படித்துக்கொண்ட அந்தக் குட்டி எங்கள் மேசைக்கும், எங்களுக்குப் பின் வருகிறவர்கள் மேசைக்கும் ஏறும். மனிதரைப் பார்த்துப் பயமே இல்லாமல் போனால் பிறகு அதைக் கொன்றுவிடவும்கூடும்.

எங்கள் பக்கம் வந்தபோது சட்டியைத் தட்டி விரட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிள்ளைகளுக்காக அலைகிறாள். அவளைப் போய் விரட்டுகிறாயே." நானும் யாருக்காக அலைகிறேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அம்மா: ஒன்றும் இல்லை. வாய் கசக்கிறதாம்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் மகன் கூப்பிட்டுக் காட்டினான். எங்கள் யர்ட் என்ற வட்டக் கூடாரத்துக்குப் பின்னால் இருபதடி தள்ளி ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. அதன்மேல் கறுப்பாக, பழக்கொட்டைகளுடன், குவியலாக. ரக்கூன்கள் ஒரே இடத்தைக் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். விழுந்த மரம், பாறை, மரத்தடி என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரக்கூனின் குடலில் ஒரு வகை உருண்டைப் புழு இருக்கிறது. அதன் முட்டை எச்சத்தோடு வெளியே வருகிறது. புதிய எச்சத்தில் உடனே ஆபத்தில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால்தான் முட்டை தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. முதிர்ந்தபின் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கை வழியாக வாய்க்குப் போனால் மூளைவரைக்கும் போகக்கூடியது. மனிதருக்கு வருவது மிக அரிது. அரிது என்ற சொல்லை நான் இப்போது நம்புவதில்லை. போன வருடமும் அரிது என்றுதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை அம்மா அந்தப் பக்கம் நடந்தாரா? மரத்தைப் பிடித்தாரா? "ஞாபகம் இல்லை, பிள்ளை." அவருடைய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கிற கணக்கில் நான் எதை விட்டுவைப்பது? கொதிநீர்தான் அந்த முட்டையைக் கொல்லும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அவருடைய செருப்பில் ஊற்றினேன். என்னுடையதிலும் மகனுடையதிலும் ஊற்றினேன். கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். "நோகிறது" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

பூங்கா ஊழியர் வந்து பார்த்து, அந்த இடத்தைச் சுற்றி நாடா கட்டிவிட்டுப் போனார். விசர்நோயை (ரேபிஸ்) பற்றியும் கேட்டேன். 2015 டிசம்பரில் ஹாமில்டனில் ரக்கூன் விசர்நோய் கண்டது எனக்கு நினைவிருக்கிறது. பகலில் கண்டால் எல்லாம் நோய் என்று நினைக்க வேண்டாம், குட்டிக்காரி பகலிலும் இரை தேடும், தள்ளாடி நடந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

அம்மா: நான்கு கரண்டி கஞ்சி.

ஜூலை 9, இரவு

மகன் தன் சின்னக் கூடாரத்தில் சிப்ஸ் பை வைத்திருந்திருக்கிறான். காலிப் பைதான். துணியில் ஒரு சாண் கிழிசல். அவன் ஆள் இல்லாத நேரம். கடவுளே.

ஜூலை 10, புதன்

அம்மா கயிறு கேட்டார்.

"உறி கட்டித் தருகிறேன். ஊரில் பூனைக்கும் மரநாய்க்கும் தப்பவைத்துத்தானே பாலும் தயிரும் வைத்தோம்." துணி காயப்போடும் நைலான் கயிற்றை வெட்டிக் கொடுத்தேன். அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போய் நாலு மாதமாகிறது. சட்டைப் பொத்தானே போட முடிவதில்லை. வெந்நீரில் கையை வைத்திருந்தார். பிறகு கயிற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, தொட்டு அல்ல, பார்த்து, முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சுக்கு ஐந்து நிமிடம். நழுவினால் மறுபடி. நான் தொடப்போனால் தள்ளிவிட்டார். பதினாறு முடிச்சுகள்.

பக்கத்தில் இருந்து மகன் படித்துக்கொண்டிருந்தான். ரக்கூனுக்கு உணர்ச்சியெல்லாம் முன்னங்கையில்தானாம், கை நனைந்தால் இன்னும் கூடுமாம். அதனால்தான் உணவைத் தண்ணீரில் வைத்துத் துழாவுகிறது. பார்க்கிறவர்கள் கழுவுகிறது என்று நினைத்துவிட்டார்கள். பிரெஞ்சிலும் அதற்குக் கழுவும் எலி என்றுதான் பெயர், பள்ளியில் படித்தான். ரக்கூன் என்ற சொல்லே வர்ஜீனியாவின் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, கையால் சுரண்டுகிறவன் என்று பொருள். அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கார் இருக்கும்போது டிக்கியை விடப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு இரவு. கஞ்சி மா டப்பாவை மட்டும் உறியில் வைத்தோம். காட்டுக்குள் நடந்துபோய்த் தங்குகிறவர்கள் தரையிலிருந்து நான்கு மீட்டர், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் என்று கட்டுவார்கள். இவர் கயிற்றை ஓக் மரக்கிளைக்கு மேலே எறிந்து அப்படியே தூக்கினார். கயிற்றின் மறுமுனையை வேறு மரத்தில் கட்டினோம்.

நான் காவல் இருக்கப் போகிறேன்.

அம்மா: ஆறு கரண்டி.

ஜூலை 11, வியாழன்

1.15. வந்தாள். தனியாக. மரத்தில் ஏறினாள், கிளையில் பாதிவரை போனாள், கிளை வளைந்தது. அப்படியே நின்று ஒரு கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள். திரும்பிவிட்டாள். பின்னங்கால் பாதங்களைப் பின்பக்கம் திருப்பி, தலைகீழாக இறங்கினாள். நான் சட்டியைத் தட்டவில்லை.

3.00. ஒன்றும் இல்லை. அம்மாவின் மூச்சு சீராக இருக்கிறது.

5.50. உறி அப்படியே தொங்குகிறது. மருத்துவரின் அலுவலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும், அழைப்பு அதற்குப் பிறகுதான். அம்மா விழித்துவிட்டார். கஞ்சி கேட்கிறார், தானாகவே. கயிற்றை இறக்கப் போகிறேன்.