எண்ணெய்ச் சட்டி ஏறாத டிசம்பர்

2024 டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஊதா மெழுகுதிரியைச் சின்னவள் ஏற்றினாள். வளையத்துக்குச் சவுக்குக் கிளை கிடைத்ததால் இந்த ஆண்டு கடையில் விற்கும் பச்சைத் தாள் வளையம் தேவைப்படவில்லை. மாலையில் கேக்குக்கு உலர்திராட்சையும் பேரீச்சையும் முந்திரியும் நறுக்கி, பன்னீர் திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் ஊறப் போட்டோம். பிள்ளைகள் சாப்பிடும் கேக்குக்கு ரம் வேண்டாம் என்பது இந்த வீட்டில் அத்தை காலத்திலிருந்தே உள்ள வழக்கம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நாள்தோறும் ஜாடியை எடுத்துக் குலுக்கி வைக்கும் பொறுப்பைப் பெரியவன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

டிசம்பர் 3, செவ்வாய்

சவேரியார் திருவிழாவுக்காகக் குமரி மாவட்டம் முழுவதற்கும் விடுமுறை. கோட்டாற்றுக் கடைகளில் நெரிசல் தாங்க முடியாவிட்டாலும், நட்சத்திரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணத்தாளும், பழையது துருவேறிப் போனதால் புதிதாக ஓர் அச்சு முறுக்கு அச்சும் வாங்கினோம். புது அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு விடாது என்பதால், அத்தை அதைக் கஞ்சித் தண்ணீரில் போட்டுவைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத் துடைத்து எண்ணெயில் ஊறவைப்பாராம்.

டிசம்பர் 7, சனி

இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்று காலை பெரியவனின் வயிற்றிலும் முதுகிலும் நீர்கோத்த கொப்புளங்கள் தெரிந்தன. மருத்துவர் பார்த்தவுடனேயே சின்னம்மை என்றார். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அவன் வெளியே போகக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதையும், குறிப்பாக ஆஸ்பிரினை, கொடுக்கவே கூடாது. சின்னவளுக்கு இன்றே தடுப்பூசி போட்டுவிட்டார்கள். தொற்றுக்குப் பின் மூன்று நாட்களுக்குள் போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடுமாம். அப்படியும் வந்தால் லேசாகத்தான் வருமாம். வருவதாக இருந்தால் தொற்று ஏற்பட்ட 10-ஆம் நாளுக்கும் 21-ஆம் நாளுக்கும் இடையில் வரும் என்றார். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன். காய்ச்சல் தொடங்கிய 5-ஆம் தேதிக்கும் இன்றைக்கும் இடையில் தொற்றியிருந்தால், 15-ஆம் தேதி தொடங்கி 28-ஆம் தேதிவரை போகிறது. நடுவில் இருக்கிறது கிறிஸ்துமஸ்.

அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாம் திரியை ஏற்றியதைப் பெரியவன் அறைக்குள் படுத்தபடியே கதவிடுக்கு வழியாகப் பார்த்தான்.

டிசம்பர் 9, திங்கள்

அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது, மூன்றாம் தண்ணீர் விட்ட பிறகே பொரிக்கலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். திருப்பலிக்குத் தவறாமல் போகிறவர், நவநாள் செபம் ஒன்றையும் விடாதவர். ஆனாலும் இதில் பக்கத்து வீட்டு அக்காவும் அவரும் ஒரே கட்சி. எண்ணெயால் நோய் அதிகமாகாது என்று மருத்துவர் சொன்னதை மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளுக்கு அம்மை பார்த்து எழுப்பியவர் அவர், கேட்டுக்கொண்டார், மாறவில்லை. எனக்கும் வாதாட மனம் வரவில்லை. பிள்ளையின் வாய்க்குள்ளும் கொப்புளங்கள் இருக்கின்றன. ஜவ்வரிசிக் கஞ்சியும் இளநீரும்தான் இறங்குகின்றன. அடுப்படியிலிருந்து முறுக்கு வாசனை வந்தால் அவன் கேட்பான், கொடுத்தால் எரியும்.

ஆனால் நம் ஊர்க் கிறிஸ்துமஸ் பலகாரம் எது எண்ணெய் இல்லாமல் இருக்கிறது? முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஏத்தங்காய் உப்பேரி என்று எல்லாமே சட்டியில் இறங்கி எழுபவைதான். உருண்டை பிடிப்பதும், மூன்று மூன்றாக ஒட்டிவைப்பதும், அச்சைத் தட்டி முறுக்கை உதிர்ப்பதும்தான் இந்தப் பிள்ளைகளுக்கு டிசம்பர். தின்பதைவிட அதைத்தான் ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வேலை இல்லாமல், கடையில் கிலோக் கணக்கில் வாங்கி டப்பாவில் நிரப்பி வைப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அச்சு எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

காய்ச்சல் விட்டது. அரையாண்டுத் தேர்வு எழுத வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் அவனுக்கு நாள் முழுவதும் போகாமல் நிற்கிறது. அதனால் குடில் வேலையை இன்றே தொடங்கிவிட்டோம். குடிலுக்கு முன்னால் வயலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நேற்றிரவு ஊறவைத்த கேப்பையை இரண்டு பழைய தட்டுகளில் தென்னை நார்த்தூளும் மண்ணும் பரப்பி விதைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடினோம். ஒரு தட்டு அவன் அறையிலும் இன்னொன்று சின்னவளிடமும் இருக்கிறது. யாருடைய வயல் முதலில் முளைக்கும் என்று சுவரின் இரு பக்கத்திலிருந்தும் சத்தமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

களிமண்ணில் மாடு ஒன்று செய்தான். குடிலில் மாடும் கழுதையும் எதற்கு என்று கேட்டபோது, 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியதைச் சொன்னேன். உயிருள்ள மாடு என்றதும் எதிர்வீட்டுப் பசுவைக் கேட்கலாமா என்றான். உடம்பு தேறி வருகிறது.

டிசம்பர் 12, வியாழன்

மழை. சின்னவளைக் குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிந்தும் பார்த்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

அவர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்ததால் நட்சத்திரம் கட்ட முடிந்தது. பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் கடைதோறும் தொங்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு முறையாவது கட்டிப் பார்க்க வேண்டும். ஒரே அளவில் பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம் வரும். மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் இறுகக் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் சாண் நீளக் குச்சிகளை இரண்டுக்கும் இடையே நிறுத்தி வைத்தால், தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு புடைத்து எழுந்துவிடும். அந்த நொடிக்காகத்தான் பெரியவன் ஆண்டுதோறும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இன்று கட்டிலின்மேல் எழுந்து உட்கார்ந்து, ஐந்தாவது குச்சியைத் தன் கையாலேயே நிறுத்தினான்.

மைதாப் பசையைக் காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் போடுவது வழக்கம். அது நஞ்சு என்பதால் பசையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் தாளை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன். சின்னவள் சிவப்பு, பெரியவன் மஞ்சள். கடைசியில் முனைக்கு ஒரு நிறமாக மாற்றி மாற்றி ஒட்டினோம். வாசலில் வேப்பிலைக் கொத்துக்கு நேர்மேலே நட்சத்திரம் தொங்குகிறது.

டிசம்பர் 14, சனி

இரவு ஒன்பதரைக்கு மேல் கேரல் குழுவினர் வந்தார்கள். டிரம் சத்தம் தெருமுனையில் கேட்டவுடனேயே என் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. மற்ற ஆண்டுகளில் வரவேற்பறை நிறைந்துவிடும். கிறிஸ்துமஸ் தாத்தா பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றி ஆடுவார், முடிந்ததும் எல்லாருக்கும் சுக்குக் காப்பியும் முறுக்கும் கொடுப்போம். இன்று வேப்பிலையைப் பார்த்து வெளிக்கதவருகே நின்றார்கள். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். போகவில்லை. தெருவிலேயே வட்டமாக நின்று மூன்று பாடல்கள் பாடினார்கள். பெரியவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் காலமைன் பூச்சுடன், கூடவே பாடினான். தாத்தா வேடமிட்டவர் மிட்டாய்ப் பொட்டலங்களை வெளிக்கதவின்மேல் வைத்துவிட்டு, முகமூடியைக் கழற்றாமலேயே அவனைப் பார்த்து ஆடினார்.

சின்னவளை அத்தையின் அறையிலேயே வைத்திருந்தேன். அழுதாள். அவளுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றுதான் நானும் நம்ப விரும்புகிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்றாம் திரி, இளஞ்சிவப்பு. மகிழ்ச்சியின் ஞாயிறு. பொருக்குகள் எல்லாம் காய்ந்துவிட்டதால் பெரியவன் கூடத்துக்கு வந்து அவனே ஏற்றினான். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அத்தை அவன் தலைக்கு விட்டார். முதல் தண்ணீர். இன்னும் இரண்டு.

இன்று முதல் சின்னவளின் முதுகு, வயிறு, காதுக்குப் பின்புறம், உச்சந்தலை.

டிசம்பர் 17, செவ்வாய்

கேக் சுட்டோம். கேக்குக்கு அத்தையின் சட்டத்தில் தடையில்லை; சட்டியில் பொரிப்பதல்லவே என்றார். சர்க்கரையைக் கருக்குவதை மட்டும் பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு நானே செய்தேன். பொன்னிறம் தாண்டித் தேன் நிறம் தாண்டிப் புகை கிளம்பப் போகும் அந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்துக் கொதிநீரை ஊற்றும்போது பொங்கி முகத்துக்கு நேரே தெறிக்கும். ஒரு விநாடி முந்தினால் கேக் வெளுத்துப்போகும், பிந்தினால் கசக்கும். ஊறிய பழங்களை வடித்து மைதாவில் புரட்டிப் போட்டது பெரியவன்; புரட்டாமல் போட்டால் எல்லாப் பழமும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஓவன் பழுதாகிக் கிடப்பதால் குக்கரில் கல்லுப்புப் பரப்பி, வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் வைத்தோம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இலவங்கமும் ஜாதிக்காயும் கலந்த வாசனை தெருவரைக்கும் போனதாகப் பக்கத்து வீட்டு அக்கா மதில்வழியே சொன்னார்.

கேப்பை இரண்டு தட்டிலும் விரல் உயரத்துக்கு நிற்கிறது. இரண்டாம் தண்ணீரும் விட்டாயிற்று.

டிசம்பர் 18, புதன்

மறைக்கல்வி நாடகத்தில் ஆட்டிடையன் வேடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

டிசம்பர் 19, வியாழன்

மூன்றாம் தண்ணீர். அத்தை தன் கையாலேயே வேப்பிலையை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிறுபயற்றை அளந்து முறத்தில் கொட்டிவிட்டார். இன்று வறுத்துத் தோல் நீக்கி மில்லுக்குக் கொடுத்தாயிற்று. நாளை பாகு, உருண்டை; நாளை மறுநாள் சட்டி.

அதற்குள் சின்னவளுக்கு வந்துவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அத்தையும் அதையே நினைக்கிறார். காலையில் நான் பார்த்து முடித்த பிறகு அவரும் அவளைக் கூப்பிட்டு, பேன் பார்ப்பதாகச் சொல்லித் தலையைப் பிரித்துப் பார்த்தார்.

டிசம்பர் 21, சனி

சட்டி ஏறியது.

நேற்றே பயற்று மாவில் வறுத்த எள்ளும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சுக்கும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் நான்கு பேருமாக உருண்டை பிடித்து முடித்திருந்தோம். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும் என்பதால் அந்த வேலையில் யாரும் பேசுவதில்லை. ஒரே இரவில் உருண்டைகள் கல்லாக இறுகியிருந்தன. இன்று மூன்று மூன்றாகச் சேர்த்து, சிறிது மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. வாங்கி எண்ணெயில் விடுவது என் வேலை. கரைசல் நீர்த்திருந்தால் உருண்டை பிரிந்து சட்டியெல்லாம் கறுத்துவிடும். பெரியவனுக்கு அந்தப் பதம் இப்போது கைவந்துவிட்டது; விரலைத் தோய்த்துத் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மாவு போடுங்கள் ஆச்சி என்றான்.

பிற்பகலில் அச்சு முறுக்கு. இத்தனை நாள் ஊறிய அச்சை எடுத்து, காய்ந்த எண்ணெயில் சூடேற்றி, தேங்காய்ப்பாலில் கரைத்த மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் அமிழ்த்தினேன். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழன்று விழாது. முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. மூன்றாவது, ஒரு தட்டு தட்டியதும் பூவாக விரிந்து மிதந்தது. சின்னவள் கைதட்டினாள். அவள் கையைத் தூக்கியபோதுகூட நான் அக்குளைத்தான் பார்த்தேன்.

பெரியவன் வாய்ப்புண் ஆறிவிட்டதால் சூடாகவே தின்றான். எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நான்காம் திரி. ஒன்றுமில்லை.

டிசம்பர் 23, திங்கள்

குடில் முடிந்தது. சாக்குத் துணியைப் பசையில் நனைத்து மடித்து உலரவைத்த மலை, அதற்குக் கீழே கேப்பை வயல், களிமண் மாடு, ஒரு காது உடைந்த கழுதை. இயேசு பாலன் சுரூபம் நாளை நள்ளிரவுக்குப் பிறகுதான் தொட்டியில் வைக்கப்படும். மூன்று ராஜாக்களைச் சின்னவள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே நிறுத்தி, நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தி ஜனவரியில்தான் குடிலுக்குக் கொண்டுவருவாள்.

மாலையில் அவள் நெற்றி சற்றுச் சுட்டது. வெப்பமானியில் 99. அத்தை அடுப்பருகே மூடிவைத்திருந்த எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பரணில் வைத்தார். நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் 98.4. தோலில் எதுவும் இல்லை. வெளிச்சத்தில் நிறுத்தி மூன்று பேரும் பார்த்தோம்.

பலகாரத் தட்டுகளைப் பற்றிய கவலை வேறு. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நமக்குத் தட்டு அனுப்பும் வீடுகளுக்கு இன்று நாம் அனுப்ப வேண்டும். அம்மை கண்ட வீட்டிலிருந்து போவதை அவர்கள் வாங்குவார்களா, வாங்கிவிட்டுச் சங்கடப்படுவார்களா என்று நேற்றிரவெல்லாம் யோசித்தேன். அனுப்பாமல் இருந்தால் அதுவும் மனத்தாங்கல். காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் தட்டைத் தானே கொண்டுவந்து நீட்டி, முந்திரிக்கொத்து கூடவே வேண்டும், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றார். அதன்பிறகு எல்லாத் தட்டுகளையும் நிரப்பத் தொடங்கிவிட்டோம். கேக்கைப் பெரியவன் வெட்டினான். பழங்கள் அடியில் தங்காமல் துண்டெங்கும் பரவியிருந்தன.

ஆப்பத்துக்கு அரிசி அரைத்துத் தேங்காய்த் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்திருக்கிறேன். நள்ளிரவுத் திருப்பலிக்கு அவரும் பெரியவனும் போகிறார்கள். அத்தையும் நானும் சின்னவளோடு வீட்டில் இருப்போம். ஆட்டிறைச்சிக்கு இப்போதே சொல்லிவைக்காவிட்டால் நாளை விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கடை மூடுவதற்குள் போய்வர வேண்டும்.