காவற்காரரின் வலது காது

அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். நான் அதைக் கேட்காதவளைப் போல அட்டையில் குனிந்து எழுதத் தொடங்கினேன். புரட்டாதி மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், பரிசோதனை அறையின் கதவு அரைவாசி திறந்திருந்த வேளையில் நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை இன்றுவரை திருப்பித் திருப்பி எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் வேறாக இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து மருமகனுடன் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், வயல்காரர், இரவில் பயிருக்குக் காவலிருப்பவர். "கேக்குது மகள், ஆனா விளங்குதில்ல" என்றுதான் தொடங்கினார். பேரப்பிள்ளை பேசுவது காதில் விழுகிறதாம், சொல் பிடிபடுவதில்லையாம். இரவில் படுத்தால் சில்வண்டு கத்துவதுபோல ஓர் இரைச்சல் விடியும்வரை நிற்பதில்லையாம். செவிப்புலன் பரிசோதிக்கும் எங்களுக்கு இது அன்றாடம் கேட்கும் முறைப்பாடு. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை வந்து சேர்ந்துவிடும். சொல்லுக்குச் சொல் வேறுபடுத்திக் காட்டும், சத்தம் குறைந்த, உயர்ந்த அதிர்வெண்ணுள்ள மெய்யொலிகள்தாம் முதலில் தொலையும். பல்லும் கல்லும் சொல்லும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும்போது, வீட்டார் அதைக் கவனக்குறைவு என்று ஏசுவார்கள்.

அவருடைய செவிப்புலன் வரைபடம் எனக்கு முன்னால் இருந்தது. வலக்காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடக்காதை நீலப் பெருக்கல் குறியாலும் குறிப்போம். 2000 ஹேர்ட்ஸ் வரை இரண்டும் பெரிய பழுதில்லாமல் கூடவே வந்தன. 4000இல் வலக்காது 35 டெசிபலிலும் இடக்காது 60இலும் விழுந்திருந்தன; 8000இல் இரண்டும் ஓரளவு மேலே ஏறியிருந்தன. டெசிபல் எண் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைவு; வரைபடத்தில் குறி கீழே இறங்கும். முதுமையினால் வரும் குறைவு பெரும்பாலும் இரு காதுகளிலும் ஒரே சரிவாக இறங்கிக்கொண்டே போகும். 4000ஐச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்து மறுபடி ஏறுவது சத்தத்தின் வேலை. இரு காதுகளுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருப்பதற்கு வேறு நோய்களும் காரணமாகலாம் என்பதால் வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும். ஆனாலும் என் மனதில் முதலில் வந்தது துவக்குத்தான். பிடங்கை வலத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் குறிபார்ப்பவரின் இடக்காது குழல்வாய்க்குக் கிட்ட வந்துவிடுகிறது. வலக்காது தலையின் மறைவில் நின்றுகொள்கிறது. வெடியின் முழு அடியையும் இடக்காது வாங்கும்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பெருஞ்சத்தத்துக்கு, வெடிச் சத்தத்துக்கு உட்பட்டதுண்டா? இந்த மாவட்டத்தில் அந்த வயதுள்ள எவரும் அதற்கு இல்லை என்று சொன்னதை நான் கண்டதில்லை. போர்க்காலம் முழுவதையும் கடந்து வந்த ஒருவரிடம் அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய கட்டத்தில் சரி போடுவதால் எதுவும் தெரியப்போவதில்லை. எனவே நான் நேராகக் கேட்டேன்: "ஐயா, துவக்கு வெடிக்கிறீங்களா?"

அந்தக் கேள்வியை நான் கேட்ட விதம்தான் பிழை என்று சில நாட்களில் நினைக்கிறேன். கதவு திறந்திருந்தது. வெளியே வாங்கில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காது மந்தமானவர்களோடு பேசிப் பழகியதால் எங்கள் எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டது; பத்திரமில்லாத இடியன் என்னும் நாட்டுத் துவக்கு ஒன்று கூரைக்குள் இருப்பது தெரியவந்தால் மனிதர் உள்ளே போக வேண்டியதுதான். அதைவிட, துவக்கு என்ற சொல்லே எங்கள் ஊர்களில் வேறொரு காலத்தை எழுப்பிவிடும். அரச பணியாளர் ஒருத்தி கையில் பேனாவோடு உரத்துக் கேட்கும்போது, எந்த மனிதர் ஆம் என்பார்?

"இல்ல மகள். யானை வெடி மட்டுந்தான் கொளுத்துற" என்றார். யானைகளை விரட்ட வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் அந்த வெடிகளைத்தான் சொன்னார். அதுவும் காதுக்குச் சின்னச் சத்தமல்ல. கையால் எறிவதற்குள், பற்றவைத்தவரின் தலைக்கு அருகிலேயே வெடித்து விரலையும் காதையும் கெடுத்த கதைகள் எங்களுக்குப் பழக்கமானவை. அந்த விடையை ஏற்றுக்கொள்ள எனக்கு நியாயம் இருந்தது.

பிறகு நான் நுரையினால் செய்த காதடைப்பான் ஒரு சோடியை எடுத்துக் காட்டினேன். விரலிடுக்கில் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடமளவு விரலால் பிடித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பஞ்சை வைப்பதில் பயனில்லை என்பதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, இப்படிக் கேட்டார்: "ரெண்டு காதையும் அடைச்சா மறுகா என்னெண்டு மகள்? பண்டி எந்தப் பக்கம் நிக்குது எண்டு காதால கேட்டுத்தானே திருப்புற..."

காட்டுப்பன்றியைப் பற்றிய அந்த வாக்கியத்தை அங்கே நிறுத்தினார். பின்னால் நின்ற மருமகன் தொண்டையைச் செருமினார். யானை வெடியை யாரும் திருப்புவதில்லை. திருப்பப்படுவது குழல்.

நான் கேட்காதவளைப் போல எழுதினேன். சத்தத்தின் வகை என்ற இடத்தில் 'யானை வெடி' என்று எழுதி, அடைப்பான்களைக் கையில் கொடுத்து, வைத்தியரைப் பார்க்க அனுப்பினேன். அவரைக் காப்பாற்றியதாகவே அன்று நினைத்தேன். அவர் சொல்ல விரும்பாததை அவர் வாயிலிருந்து பிடுங்கவில்லை. பதிவேட்டில் அவருக்கு எதிராக ஒரு சொல்கூட இல்லை. மருத்துவ உதவிக்கு வந்தவர் விசாரணைக்கு வந்தவராக உணரக்கூடாது என்பதில் இப்போதும் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. துவக்கோடு காவலிருப்பவரும் வேட்டைக்காரரும் கேட்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான். அதற்கு விடை இருந்தது, என்னிடமே இருந்தது, நான் கொடுக்கவில்லை. பொழுதுபோக்குக்காக இலக்குச் சுடுபவர்கள் களத்தில் நின்ற நேரமெல்லாம் காதை மூடியே வைத்திருக்கலாம். அவர்களுக்கு இலக்கைக் காதால் தேட வேண்டியதில்லை. இரவில் வயற் பரணில் காவலிருப்பவருக்குக் காதுதான் கண். அப்படிப்பட்டவர்களுக்கென்று மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுத்து, வெடியொலி வந்த கணத்தில் பெருக்குவதை நிறுத்தி அதன் அடியைக் குறைத்துவிடும் மின்னணுக் காதுக்கவசங்கள் இருக்கின்றன. அவற்றின் விலை வயல்காரருக்கு எட்டாதது என்றால், சாதாரணக் கவசத்தைக் கழுத்தில் மாட்டியிருந்து, பன்றி நிற்கும் பக்கம் தெரிந்த பிறகு, விசையில் விரல் வைக்குமுன் காதுக்கு ஏற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். துவக்கு என்ற சொல்லை நான் வாயெடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்போக அறுவடை முடியும் தறுவாயில், பங்குனியில் மறுபடி வந்தார். இடக்காதில் பெரிய மாற்றமில்லை. வலக்காது 4000இல் 55க்கு இறங்கியிருந்தது. முந்தைய இரவு காவலுக்குப் போனீர்களா என்று கேட்டேன், போயிருந்தார். பெருஞ்சத்தத்துக்குப் பிறகு வரும் தற்காலிக மந்தம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், இரு வாரம் வயலுக்குப் போகாமல் வீட்டிலிருந்து வரச் சொல்லித் திரும்பப் பரிசோதித்தேன். 50. ஐந்து டெசிபல் வித்தியாசம் ஒரே காதை ஒரே நாளில் இரு தரம் பார்த்தாலும் வரக்கூடியது. அந்த அடி நிலைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உட்செவியின் மயிர்க்கலங்கள் இறந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இந்த முறை கதவைச் சாத்திவிட்டு, "அடைப்பானை எப்படி வெச்சீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டேன். "நீங்க இடக்காதுக்குத்தான் கூடுதல் பழுது எண்டு சொன்னீங்கதானே மகள். அதை அடைச்சி வெச்சன். நல்ல காதால கேக்க வேணுமே" என்றார்.

அவருடைய தர்க்கத்தில் பிழை சொல்ல எனக்கு வரவில்லை. கெட்டது மேலும் கெடாமல் இருக்கட்டும், நல்லது வேலை செய்யட்டும் என்று எண்ணியிருக்கிறார். தலையின் மறைவு குறைத்துக் கொடுப்பது சில டெசிபல்களை மாத்திரமே. தோட்டாத் துவக்கின் வெடி உச்சத்தில் பொதுவாக 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேற்பட்ட ஓர் அடியே காதைக் கெடுக்கப் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. தொழிற்சாலைச் சத்தத்துக்கு 85 டெசிபலில் எட்டு மணிநேரம் என்று கணக்குப் போடுவதுபோல இதற்கு மணிக்கணக்கு இல்லை. பெருஞ்சத்தம் வந்தால் நடுச்செவியில் ஒரு சிறிய தசை சுருங்கிக் காதைக் காக்க முயலும், ஆனால் அது சுருங்குவதற்குள் துவக்கின் வெடி உள்ளே போய்விடும். மூடாத வலக்காது அந்தப் போகம் முழுவதும் இதை வாங்கியிருக்கிறது. "ஒரு காதை அடைச்ச பிறகு எல்லாமே வலப்பக்கத்தாலதான் கேட்டிச்சி, பக்கமும் பிடிபடல்ல" என்றும் சொன்னார். ஒலி வரும் திசையை இரு காதுகளும் சேர்ந்துதான் அறிகின்றன என்பதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அவருக்கு மட்டும் சொல்லவில்லை.

நான் ஒரு சோடிதான் கொடுத்தேன். ஒற்றைக் காதில் வைக்கச் சொல்லவில்லை. இடக்காதுக்குத்தான் கூடுதல் பழுது என்று சொன்னது உண்மை, அதை மறைக்க முடியாது. இப்படி எனக்கு நானே வாதாடுகிறேன். ஆனால் புரட்டாதியில் அவர் வாக்கியத்தை நிறுத்தியபோது நான் குனியாமல் நிமிர்ந்து, "வெடிக்கிறது எதுவெண்டாலும் பரவாயில்ல ஐயா, நான் எழுதமாட்டன், இதைக் கேளுங்க" என்று சொல்லியிருந்தால், அந்தப் பதினைந்து இருபது டெசிபல் அவரிடமே இருந்திருக்குமோ என்ற எண்ணம் போவதில்லை.

இருந்திருக்கும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திய அந்த நாளில் எல்லாவற்றையும் விளக்கியபின், அவரையே செய்து காட்டச் சொன்னேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் நுரை உருளவில்லை. ஒரு பக்கம் தட்டையாகி வளைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இரு காதுக்கும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடச் சென்றது. "அவ்வளவு நேரம் பண்டி நிக்காது மகள்" என்றார். கழுத்துக் கவசத்தைப் பற்றிச் சொன்னேன். அறையில் பரிசோதனைக்கு வைத்திருந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்து, இல்லாத பிடங்கு ஒன்றில் கன்னத்தைச் சாய்த்தார். வலப்பக்கக் கிண்ணம் எங்கே இடிக்கும் என்பதைக் கையால் காட்டினார். மெலிந்த கிண்ணமுள்ள கவசங்கள் சுடுபவர்களுக்கென்றே வருகின்றன என்றேன். அவை மட்டக்களப்பு நகரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருமகன் கேட்டார். என்னால் ஒரு கடையையும் சொல்ல முடியவில்லை. கல் வெட்டும் இயந்திரக்காரர்கள் போடும் கவசத்தை இரும்புக் கடைகளில் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வெடித்த பிறகு காது அடைத்துக்கொண்டு இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த போகம்வரை காத்திராமல் உடனே வந்துவிடும்படியும், முதல் சில நாட்களுக்குள் வந்தால்தான் வைத்தியர் மருந்து கொடுத்துப் பார்க்க வழியுண்டு என்றும் சொன்னேன். தலையாட்டினார். இம்முறை இரண்டு சோடி அடைப்பான்கள் கொடுத்தேன். ஒரு சோடியை மருமகன் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்தார். அவரும் காவலுக்குப் போகிறவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய காதுகளை யாரும் இன்னும் பரிசோதிக்கவில்லை. அவருக்கு ஒரு திகதி கொடுத்தேன்.

அவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு அட்டையை எடுத்தேன். சத்தத்தின் வகை என்ற இடத்தில், முன்பு எழுதியதைப் போலவே, 'யானை வெடி' என்று எழுதினேன்.