பென்சிலால் அடித்த வரிகள்

முதல் வேலை ஓர் ஆய்வகத்தில். குரோமோசோம் நுனிகளான டெலோமியர்களை நீட்டுகிற நொதி டெலோமரேஸ்; புரதமும் ஓர் ஆர்என்ஏவும் சேர்ந்தது. மனித டெலோமரேஸைச் செல்களிலிருந்து பிரித்தெடுத்து, அதோடு என்னென்ன புரதங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று மாஸ் ஸ்பெக் (எடையை அளந்து புரதங்களை அடையாளம் காட்டும் கருவி) தருகிற பட்டியலில் பார்க்க வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் வினையை நடத்துகிற டெர்ட் புரதம் செல்லுக்குள் அவ்வளவு அரிது. ஆன்டிபாடியை ஒட்டவைத்துப் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், டெர்ட்டின் எடையான 127 கிலோடால்டன் பக்கம் ஏதாவது பட்டை தெரிகிறதா என்று படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே மூன்று மாதம் போனது. ஆன்டிபாடி வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும், அது தனிக் கதை.

டிஸ்கெரின் என்கிற இன்னொரு புரதம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொழுத்த பட்டையாக வந்து நிற்கும். எனக்கு எரிச்சல்தான். ரைபோசோம் ஆர்என்ஏவைத் திருத்துவதற்காக செல் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்கிற பகுதியில் குவிந்து கிடக்கிற புரதமாயிற்றே, எதைப் பிடித்து இழுத்தாலும் கூடவே வரும் என்று நினைத்தேன். சீனியர் அக்காதான் திருத்தினார்: "அது பிடிச்சிட்டு இருக்கலைன்னா அந்த 451 எழுத்து ஆர்என்ஏ தங்கவே தங்காதும்மா." டிஸ்கெரின் பழுதான நோயாளிகளின் செல்களில் டெலோமரேஸ் ஆர்என்ஏ குறைந்து, டெலோமியர் குட்டையாகிவிடுகிறது என்று 1999-லேயே காட்டியிருக்கிறார்கள். நாப்10, என்ஹெச்பி2, கார்1 மூன்றும் டிஸ்கெரினின் கூட்டாளிகள். நாப்10 வெறும் 64 அமினோ அமிலம், எங்கள் ஜெல்லில் அடி வழியாக ஓடியே போய்விடும். டெலோமரேஸை உட்கருவுக்குள் இருக்கும் காஹால் உடல் என்கிற சிறு பகுதிக்குக் கொண்டு சேர்க்கிற டிகேப்1 புரதமும் இந்தக் கூட்டத்தில் ஒன்று என்பது 2009-ல்தான் தெரிந்தது.

அப்புறம், மாஸ் ஸ்பெக் பட்டியலில் அழுக்காக வந்து சேர்ந்த புரதங்களை அடித்துச் சுத்தம் செய்வதும் என் வேலை. கெரட்டின் என்றால் அது எங்கள் தோல், அடித்துவிடு. டியூபுலின், செல்லின் சட்டகப் புரதம், அடி. ஹிஸ்டோன், டிஎன்ஏ சுற்றிக்கொள்கிற புரதம், யோசிக்கவே வேண்டாம், அடி.

2018-ல் டெலோமரேஸை உறையவைத்து எடுத்த கிரையோ மின் நுண்ணோக்கிப் படம் வந்தது: டெர்ட் ஒன்று, டிஸ்கெரின் நால்வர் குழு இரண்டு. சரி, கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். 2021-ல் இன்னும் துல்லியமான படம் வந்தபோது, ஆர்என்ஏவின் ஒரு வளைவில் எச்2ஏ-எச்2பி ஹிஸ்டோன் ஜோடி ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அன்று பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். எச்2ஏ, எச்2பி என்ற அந்த இரண்டு வரிகளிலும் பென்சில் கோடு, ஓரத்தில் என் கையெழுத்தில் 'குப்பை'. எங்கள் மாதிரியில் வந்தது நிஜமாகவே குரோமாட்டின் (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொருள்) அழுக்காகவும் இருந்திருக்கலாம், அந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. கோட்டை அழிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.