நகரும் தகடும் மின்சுற்றும்: ஒரு சிமுலேஷன் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025

முடுக்கத்தை அளக்கும் கருவியான முடுக்கமானியின் மெம்ஸ் (நுண்ணிய மின்-இயந்திர அமைப்பு) தகட்டையும் அதன் அசைவைப் படிக்கும் மின்சுற்றையும் ஒரே சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது. தகட்டை நுண்ணிய கண்ணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டால் மாறிகள் லட்சக்கணக்கில் பெருகும். அத்தனையையும் சுமந்தபடி சுற்றின் ஒவ்வொரு நேரப் படியையும் தீர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே தகட்டை நிறை, ஸ்பிரிங், தணிப்பு (அசைவை அடக்கும் தடை), நிலைமின் விசை (மின்னழுத்தம் தகட்டை இழுக்கும் விசை) எனச் சுருக்கி, சுற்று உறுப்புகளின் நடத்தையை விவரிக்கும் வெரிலாக்-ஏ மொழியில் எழுதிச் சுற்றோடு இணைத்தேன்.

மார்ச் 6

தகடு 400 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரம். கீழ் மின்முனைக்கும் அதற்கும் இடைவெளி 2 மைக்ரோமீட்டர். ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 2 நியூட்டன். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும்போது, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் நிலைமின் விசையின் வளர்ச்சிக்கு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் போய், தகடு சட்டென்று கீழே விழுந்து ஒட்டிக்கொள்கிறது. கைக்கணக்கில் அந்த எல்லை 1.83 வோல்ட், சிமுலேஷனும் அதையே தந்தது. ஓய்வுநிலையைச் சுற்றி, விசை இடைவெளியோடு நேர்கோட்டில் மாறுவதாகத் தோராயமாக வைத்திருந்தால் இதே எல்லை 3.36 வோல்ட் என்று வந்திருக்கும். மாதிரியைச் சுருக்கலாம், ஆனால் விசைக்கும் இடைவெளிக்கும் உள்ள இந்த வளைந்த உறவை ஒருபோதும் வெட்டிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மார்ச் 7

இன்று தணிப்பு. இடுக்கில் சிக்கிய காற்றின் தடை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், இடைவெளி பாதியானால் தடை எட்டு மடங்காகிறது. தகட்டில் இடும் துளைகள், தயாரிப்பின்போது அடியிலுள்ள படலத்தை அமிலம் அரித்தெடுக்க மட்டுமன்றி, காற்று வெளியேறவும் வழிவிடுகின்றன.

மார்ச் 11

நான் வெகுநேரம் நின்று பார்த்த இடம் இதுதான். காற்றழுத்தம் மிகக் குறைந்த உறையில் தகட்டை வைத்து, மின்னழுத்தத்தை ஒரே அடியாகக் கொடுத்தால், தகடு தன் வேகத்தாலேயே சமநிலையைத் தாண்டிச் சென்று 1.68 வோல்ட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது; அதாவது மெல்ல ஏற்றும்போது கிடைத்த எல்லையில் சுமார் 92 சதவீதம். தணிப்பை மிகுதியாக்கினால் எல்லை மீண்டும் 1.83-ஐ நெருங்குகிறது. தகடும் ஸ்பிரிங்கும் அவையேதான். உறைக்குள் இருக்கும் காற்றும் மின்னழுத்தம் ஏறும் வேகமும் எல்லையை நகர்த்திவிடுகின்றன. தகட்டைத் தனியாகவும் சுற்றைத் தனியாகவும் ஆராய்பவருக்கு இது கண்ணில் படாது.

மார்ச் 12

சுற்று வடிவமைப்பவர்களிடம், மின்சாரம் இணைக்கும் கணத்தில் எழும் அலையின் உச்சம் 1.5 வோல்ட்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன். அந்த அலையின் வடிவம் கைக்கு வந்ததும் அதையே தகட்டின் மாதிரிக்கு உள்ளீடாகக் கொடுத்து, ஸ்பிரிங்கின் தடிமனில் உற்பத்தியின்போது நேரும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.