எந்தச் சென்னை? குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு நகர மக்கள்தொகை படித்த கதை

முடிவு வந்துவிட்டது. நேர்காணல் பட்டியலில் என் பதிவெண் இருக்கிறது. "மதிப்பெண் விவரம் கைக்கு வரட்டும், பிறகு எழுது" என்கிறார் அக்கா. அதுவரை காத்திருந்தால் கோபம் ஆறிவிடும். எனக்கு இதைக் கோபத்தோடு எழுத வேண்டும்.

கோபம் ஒரு கையேட்டின் மீது. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் தந்தது. அதில் சென்னையின் மக்கள்தொகை ஒரு பக்கத்தில் 46 லட்சம், நகரமயமாதல் பாடத்தில் 67 லட்சம், கடைசி அட்டவணையில் 86 லட்சம். மூன்றுக்கும் நேரே "2011 கணக்கெடுப்பு" என்று போட்டிருந்தது. எது சரி என்று கேட்டேன். "பெரிய எண்ணையே எழுதுங்கள், நகரம் வளரத்தானே செய்யும்" என்று பதில் வந்தது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றுமே சரி என்பதுதான் வேடிக்கை. 46,46,732 என்பது கணக்கெடுப்பு நடந்தபோது இருந்த சென்னை மாவட்டம், அதாவது பழைய மாநகராட்சி. பரப்பு 175 சதுர கிலோமீட்டர். கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2011 மார்ச் 1. அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் உள்ளிட்ட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தன. பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது, வார்டுகள் 200 ஆயின. இந்தப் புதிய எல்லைக்குள் 2011-இல் எண்ணப்பட்டவர்களைக் கூட்டினால் 66.72 லட்சம். மாநகராட்சி, நகராட்சி என்று பாராமல் ஒட்டிக் கிடக்கும் ஊர்களையெல்லாம் சேர்த்த நகர்ப்புறத் திரள் 86.5 லட்சம். நகரத் திட்டமிடலுக்காக வகுத்த சென்னைப் பெருநகரப் பகுதி என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. அப்போது 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அது 2022-இல் 5,904 ஆக விரிந்தது. மாவட்ட எல்லையோ 2018-இல்தான் 426 சதுர கிலோமீட்டரை எட்டியது. மாவட்டமும் மாநகராட்சியும் எப்போதும் ஒன்றே என்று நினைத்து 2012 அறிக்கையையும் 2019 அறிக்கையையும் ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நகரத்தைப் பற்றி எந்த எண்ணை எழுதும் முன்னும் எல்லையை எழுதுங்கள். என் விடையின் முதல் வரி இப்படித்தான் இருந்தது: "இவ்விடையில் சென்னை என்பது 2011 மார்ச் 1 அன்று இருந்த 175 சதுர கிலோமீட்டர் மாவட்டத்தைக் குறிக்கும்." பத்து மதிப்பெண் கேள்வியாக இருந்தாலும் இந்த ஒரு வரிக்கு இடம் உண்டு. திருத்துபவர் கையில் வேறு எண் இருந்தாலும் அவரால் என்னை அடிக்க முடியாது.

எண்ணைப் பார்த்ததும் எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நான் கணிதம் படித்தவள் என்பதால் இது எனக்குத் தானாக வந்தது. உங்களுக்கு வராவிட்டாலும் பழகிக்கொள்ளலாம். மக்கள்தொகையை அடர்த்தியால் வகுங்கள். 46,46,732-ஐ 26,553-ஆல் வகுத்தால் 175 வருகிறது. 46,81,087-ஐ 26,903-ஆல் வகுத்தால் 174 வருகிறது. இரண்டாவது இணை 2011-இல் முதலில் வெளியான தற்காலிக எண்கள். முதலாவது இறுதி எண்கள். என் கையேட்டில் தற்காலிக மக்கள்தொகைக்குப் பக்கத்தில் இறுதி அடர்த்தி அமர்ந்திருந்தது. எழுத்தறிவிலும் அதே குழப்பம். தற்காலிகம் 90.33, இறுதி 90.18. மாநிலத்துக்குத் தற்காலிகம் 80.33, இறுதி 80.09. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் ஒரே விடையில் இரண்டையும் கலக்காதீர்கள். நான் இறுதி எண்களை மட்டுமே வைத்துக்கொண்டேன்.

இந்த வகுத்தல் எண்ணைச் சரிபார்ப்பதோடு நிற்பதில்லை. 66.72 லட்சத்தை 426-ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15,700 பேர். 26,500-லிருந்து 15,700-க்கு இறங்கிவிட்டது. ஒருவர்கூட ஊரைவிட்டுப் போகவில்லை, அரசாணை ஒன்றுதான் வந்தது. "சென்னையில் நெரிசல் குறைந்துள்ளதா?" என்ற வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியவை, இதற்கு மேல் வேண்டாம் (எல்லாம் 2011 இறுதி, பழைய மாவட்ட எல்லை, அடைப்புக்குள் தமிழ்நாடு):

- பத்தாண்டு வளர்ச்சி 7.0 விழுக்காடு (15.6)
- பாலின விகிதம், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 989 (996)
- எழுத்தறிவு: ஆண் 93.70, பெண் 86.64 (86.77, 73.44)
- பட்டியல் சாதியினர் 16.78 விழுக்காடு (20.01), பழங்குடியினர் 0.22 (1.10)
- இந்துக்கள் 80.73 (87.58), முஸ்லிம்கள் 9.45 (5.86), கிறிஸ்தவர்கள் 7.72 (6.12), சமணர்கள் 1.11
- ஆறு வயது வரையுள்ள குழந்தைகள்: மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு
- குடிசைப் பகுதிகளில் வாழ்வோர் 28.89 விழுக்காடு

மாநில எண் பக்கத்தில் இல்லாமல் நகர எண்ணை மட்டும் எழுதுவது வீண். எழுத்தறிவு 90 என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மாநிலத்தில் 13 புள்ளிக்கும் மேல் இருக்கும் இடைவெளி, நகரத்தில் 7 புள்ளிதான் என்று எழுதினால் அது விடை. அதேபோல மத எண்களை வரிசையாக ஒப்பிக்காதீர்கள், இடத்தோடு சேருங்கள். சமணர் 1.11 விழுக்காடு என்றால் சவுகார்பேட்டை. முஸ்லிம்கள் என்றால் திருவல்லிக்கேணி. கிறிஸ்தவர்கள் என்றால் சாந்தோமும் இராயபுரமும் பெரம்பூரும். தாய்மொழியில் தமிழுக்கு அடுத்த இடம் தெலுங்குக்கு, அதன் பின் உருது. ஒரு வரி போதும்.

இனி வளர்ச்சி வீதம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 1981-இல் 32.8 லட்சம், 1991-இல் 38.4, 2001-இல் 43.4, 2011-இல் 46.5. ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடியது முறையே 5.6, 5.0, 3.0 லட்சம். இதைப் பார்த்து "சென்னையின் வளர்ச்சி தேய்கிறது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 2001-11 பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் வளர்ந்தன. அந்த மாவட்டங்கள் இவ்வளவு பெருத்ததற்குப் பெரிய காரணம் சென்னைதான். பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள், திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகள், தாம்பரத்தைத் தாண்டிய மனைகள் எல்லாம் பெரும்பாலும் மாவட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. நகரம் தேயவில்லை, கோட்டைத் தாண்டி வளர்ந்தது.

கோட்டைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்கள் அல்லர். கண்ணகி நகரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ஐ ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அது எழுந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி. இரண்டும் 2011 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதாவது, சென்னையின் ஏழைகளில் ஒரு பெருங்கூட்டம் சென்னையின் கணக்கில் வரவே இல்லை. 28.89 விழுக்காடு என்பது அவர்களை வெளியே அனுப்பிய பிறகு எஞ்சிய எண். அடுத்த ஏழெட்டு மாதத்தில் அந்த இடங்கள் மாநகராட்சிக்குள் வந்தன. பிறகு அதே வகைக் குடியிருப்பாகப் பெரும்பாக்கம் வந்தது, அது இன்று செங்கல்பட்டு மாவட்டம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது, சட்டம் 1971, பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது ஆகியவை எல்லோர் விடையிலும் இருக்கும். எல்லைக்கும் வறுமைக்கும் உள்ள இந்தத் தொடர்பு எல்லோர் விடையிலும் இருக்காது. நான் எல்லையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

பொருளாதாரப் பகுதியில் கணக்கெடுப்பை அதிகம் நம்பாதீர்கள். அது உழைப்பவர்களை நான்கு கூடைகளில் போடுகிறது: பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற பணியாளர். சென்னையில் ஏறக்குறைய எல்லோரும் நான்காவதில். டைடல் பூங்காவில் கணினி முன் அமர்ந்திருப்பவரும் கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவரும் அந்த அட்டவணையில் ஒருவரே. ஆண்டில் ஆறு மாதம் வேலை செய்தால் முதன்மைப் பணியாளர், குறைந்தால் குறுகிய காலப் பணியாளர். இந்தப் பிரிவு ஓரளவு உதவும். வீட்டில் பூ கட்டுகிற பெண் தன்னை "வேலை இல்லை" என்று சொல்லிவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே குடும்பங்களின் நலம், வசதி பற்றிய எண்களுக்குத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றை (2019-21) எடுத்துக்கொள்ளுங்கள், அதில் மாவட்ட அறிக்கை உண்டு. கருவள வீதத்துக்கு (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) மட்டும் மாநில எண்ணான 1.8-ஐ எழுதி, மாநில எண் என்றே குறிப்பிடுங்கள். நகர்ப்புறத் தமிழ்நாட்டின் வேலையின்மை எண்ணைச் சென்னையின் தலையில் கட்டுவதும் அதே பிழைதான்.

என் சுபாவத்துக்கு ஒத்துவந்தவை, கட்டாயம் இல்லை:

- கூட்டாகப் படிக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்தால் நான்கு மக்கள்தொகை வரும்.
- நாளிதழ் வெட்டி ஒட்டவில்லை. கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டை நேரடியாகப் படித்தேன். அலுப்பூட்டும், ஆனால் பொய் சொல்லாது.
- ஒரு விடைக்கு ஐந்து எண்களுக்கு மேல் எழுதவில்லை.
- வரைபடம் என்று இரண்டு வட்டங்கள்: உள்ளே 175, வெளியே 426. அரை நிமிட வேலை.
- இரண்டாவது நகரமாகக் கோயம்புத்தூர். மாநகராட்சி 10.5 லட்சம், விரிவாக்கத்துக்குப் பின் 16 லட்சம், திரள் 21.4 லட்சம். அதே நோய், அதே மருந்து.

விடுதியில் என் அறைத் தோழி இதற்கெல்லாம் நேர்மாறு. ஐம்பது எண்களைத் தூக்கத்திலும் சொல்வாள், எல்லை கில்லை என்றால் சிரிப்பாள். அவள் பதிவெண்ணும் பட்டியலில் இருக்கிறது. அவளிடம் கேட்டால் என் அறிவுரையைக் குப்பையில் போடச் சொல்வாள். ஐம்பது எண் நினைவில் நிற்குமானால் அவளிடம் கேளுங்கள்.

அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இத்தனை காலம் 2011-ஐ வைத்து ஓட்டினோம். அடுத்ததன் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. சாதி விவரமும் அதில் சேர்கிறது. தற்காலிக எண்கள் முதலில் வரும். அன்று மாலையே கையேடுகள் அச்சாகிவிடும். "சென்னை மாவட்டம் 46 லட்சத்திலிருந்து இத்தனை லட்சமாகப் பாய்ந்தது" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்த 46 லட்சம் 175 சதுர கிலோமீட்டருக்கு, புதியது 426-க்கு. ஒப்பிட வேண்டுமென்றால் 66.72 லட்சத்தோடு ஒப்பிடுங்கள். காஞ்சிபுரமும் அப்படியே, 2019-இல் அதிலிருந்து செங்கல்பட்டு பிரிந்துவிட்டது, பழைய 39 விழுக்காட்டோடு புதிய மாவட்டத்தை நேரே வைக்க முடியாது.

நேர்காணலுக்கு என்ன படிக்கிறாய் என்று கேட்டு வரும் செய்திகளுக்கு இப்போது பதில் கிடையாது. அது முடியட்டும்.